வழிநூலாய்த் தொடங்கிய முதல்நூல்

1784-ஆம் ஆண்டுப் பரிசுக்கெனப் பெர்லின் அறிவியற் கழகம் ஒரு வினாவை விடுத்தது. பிரெஞ்சு மொழி ஐரோப்பாவின் பொதுமொழியாய் உயர்ந்தது எதனால்? அவ்வுயர்வுக்கு அது தகுதி உடையதா? அது நிலைத்து நிற்குமா? இவையே அவ்வினாவின் கூறுகள். பிரசியாவின் தலைநகரில், பிரசிய மன்னரின் அரவணைப்பில் வாழ்ந்த கழகம், தன் நாட்டு மொழியின் உயர்வைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிலது. பரிசை இரிவரோல் என்னும் பிரெஞ்சியரும் சுவாபு என்னும் செருமானியரும் பகிர்ந்துகொண்டனர். அவருள் சுவாபு தம் கட்டுரையைச் செருமானியத்திலேயே எழுதினார் என்பது ஒன்றே ஆறுதல்.

அப்பரிசுக்கு விடையெழுதுவோர் எழுதிக்கொண்டிருந்த நாளில், 1783-ஆம் ஆண்டில், அதே பெர்லினில், பீரங்கிப் படையலுவலர் ஒருவர் செருமானிய மொழியில் ஒரு போர்வரலாற்றின் முதல் மடலத்தை வெளியிட்டார். கெயோர்கு பிரீதிரிக்கு தெம்பெல்கோவு என்பது அவர் பெயர். கழகத்தின் வினாவை எண்ணி அவர் அதனை எழுதினாரல்லர். எனினும், அவ்வினாவுக்கு எழுந்த விடைகளுள் காலத்தால் நின்று பயன்தந்தது அவர் நூலே எனல் மிகையன்று.

அற்றை நாள் பிரசிய அரசவையின் நிலையை அறிந்தாலன்றி இதன் அருமை விளங்காது. 1740 முதல் 1786 வரை ஆண்ட இரண்டாம் பிரீதிரிக்கு மன்னர் போரில் வல்லவர். பாட்டும் வரலாறும் மெய்யியலும் எழுதியவர். ஆனால், அவர் எழுதிய நூல்கள் பிரெஞ்சில் எழுந்தவை. தாய்மொழியைப் பிழையற எழுதவும் அவர் பழகினாரல்லர். 1780-இல் செருமானிய இலக்கியம் பற்றி அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அம்மொழி இன்னும் பண்படாத மொழி என்று அதில் பழித்தார். அப்பழிப்பையும் பிரெஞ்சிலேயே பழித்தார்! இலெசிங்கு அன்று உயிரோடிருந்தார். கேத்தே புகழெய்தி ஆண்டுகள் சில கடந்திருந்தன. மன்னர் கண்ணுக்கு முன்னவர் தென்படவில்லை. பின்னவர் நாடகம் எள்ளற்பொருளாய்த் தென்பட்டது. மோசர் என்பார் 1781-இல் தக்க மறுப்பெழுதினார். 1750-இல் மன்னரின் விருந்தினராய் வந்து தங்கிய வால்தேர், இங்கு யாவரும் பிரெஞ்சே பேசுகின்றனர், செருமானியம் படைஞர்க்கும் குதிரைகட்குமே உரியது என்று தம் நண்பர்க்கு மடல் எழுதினார். விருந்தினர் அவ்வாறு எழுதியது வியப்பன்று. அவ்வாறு எழுதுதற்கு இடங்கொடுத்தது விருந்தளித்த அரசவை.

அந்தப் படைஞர் மொழியில்தான், குதிரைகள் பூட்டிய பீரங்கி வண்டிகளோடு நடந்த ஒரு படைஞர், அம்மன்னர் நடத்திய போரின் வரலாற்றை ஆறு மடலங்களில் எழுதினார்.

தெம்பெல்கோவு 1737-இல் பிராண்டன்பர்க்கைச் சார்ந்த திராம்பே என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓதர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்குபர்ட்டிலும் ஆலேயிலும் பல்கலைக்கழகக் கல்வி பெற்றார். ஆலே என்னும் பெயரை வாளா கடந்து செல்லல் ஆகாது. இலத்தீனிலன்றிப் பாடம் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில், 1687-இல் இலைப்சிகு நகரில், செருமானியத்தில் பாடம் நடத்தப்போவதாக அறிவித்தவர் தொமாசியசு. அங்கே எழுந்த எதிர்ப்புகளால் அவர் குடிபெயர்ந்து வந்த இடம் ஆலே. பின்னர் அதே ஆலேயில் கிறித்தியன் வோல்பு கணக்கியலையும் மெய்யியலையும் செருமானியத்தில் எழுதினார். 1710-இல் வெளிவந்த அவர் கணக்கியல் தொகுப்பும் செருமானியத்ததே. இல்லாத சொற்களை ஆக்கியும், இருந்த சொற்களுக்குப் பொருள்வரம்பு கட்டியும் அவர் செய்த பணியால், அறிவியல் பேசத் தன் மொழி போதாது என்னும் சாக்கு செருமானியர்க்கு இல்லாதொழிந்தது. வோல்பு 1754-இல் மறைந்தார். அவர் வகுத்த சொற்கள் மறையவில்லை. தெம்பெல்கோவு பிற்காலத்தில் தம் கணக்கு நூல்களைத் தயக்கமின்றித் தாய்மொழியில் எழுதியதற்கு நிலம் பண்படுத்தி வைத்தவர்கள் இவர்களே.

1756-இல் ஏழாண்டுப் போர் மூண்டது. ஆத்திரியா, உருசியா, பிரான்சு ஆகிய மூன்று பேரரசுகளும் சுவீடனும் சாக்சனியும் ஒருபுறம்; பிரசியாவும் அதற்குப் பொருளுதவிய ஆங்கிலேயரும் மறுபுறம். மறுஆண்டு, இருபது அகவையினரான தெம்பெல்கோவு கல்வியை விட்டுப் படையிற் சேர்ந்தார். முதலில் காலாட்படை; பின்னர்ப் பீரங்கிப்படை. பீரங்கி என்னும் சொல்லே பரங்கியர் பெயரோடு உறவுடையது என்பர். பொருளும் அவர்வழிப் பரவியது. அற்றைப் பிரசியாவில் பீரங்கிப்படை பெருமக்கள் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிச் சேரும் இடமன்று. குதிரைமேல் வாளேந்திச் செல்வதே குடிப்பெருமை. கரிமருந்துப் புகையில் கோணமும் தொலைவும் கணித்து நிற்பது கைத்தொழிலாளர் வேலை என்பது அவர்தம் எண்ணம். ஆதலின் எளிய குடியினர், கணக்கறிந்தவராயின், ஏற்றம் பெறுதற்குரிய வழி அப்படையில் திறந்திருந்தது.

எளிதில் கிடைத்த ஏற்றமன்று அது. 1759 ஆகத்து 12-ஆம் நாள் குனர்சுதோர்புப் போரில் பிரசியர் ஏறத்தாழ ஐம்பதாயிரவர் இறங்கினர். மாண்டோர், புண்பட்டோர், காணாமற்போனோர் ஆகியோர் தொகை ஏறத்தாழ பத்தொன்பதாயிரம். 170-க்கும் மேற்பட்ட பீரங்கிகள் பகைவர் கைப்பட்டன. மன்னரே எல்லாம் முடிந்தது என்று நம்பிக்கை இழந்த நாள் அது. அப்பெருந்தோல்விக்குப் பின்னரே தெம்பெல்கோவு படையலுவலர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். வெற்றி விழாவில் பெற்ற பட்டமன்று. பீரங்கிகளை இழந்த களத்தில் பெற்றது. வரலாறெழுதுவார்க்கு இதனினும் நல்ல தொடக்கம் வேறு வாய்ப்பதரிது.

1763-இல் அமைதி வந்தது. பெர்லினில் தங்கிய தெம்பெல்கோவு கணக்கியலில் ஆழ்ந்தார். 1766 வரை ஆய்லரும், அதன்பின் இலாக்கிராஞ்சும் அந்நகர்க் கழகத்தை அணிசெய்தனர், இலாம்பர்ட்டும் அங்கிருந்தார். இப்பெருமக்களின் பழக்கம் அவர்க்குக் கிட்டியது. 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பகுப்புக் கணக்கியல் பற்றிய தொடக்க நூல்களைச் செருமானியத்தில் வெளியிட்டார். ஆனால், 1781-இல் வந்த 'பிரசியக் குண்டெறிநர்' என்னும் நூலை அவர் பிரெஞ்சில் எழுதினார். எறியப்பட்ட குண்டின் வழியைக் காற்றுத் தடுக்கிறது. அத்தடை குண்டு செல்லும் விரைவின் இருபடிக்கு ஒத்தது எனக் கொண்டால் வழி எவ்வாறு வளையும் என்பது அந்நூலின் ஆய்வு. கலிலியோ காற்றை நீக்கிக் கண்ட வளைவு ஏட்டுக்கு அழகு. களத்தில் குண்டு அதன்படி விழாது. இவ்வளவு பயனுள்ள நூலை, பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று திரிமூட்டும் பிரசியப் படைஞர் படிக்கவொண்ணாத மொழியில் எழுதியது என்ன முறை? கழகத்தார் செவிக்கு எட்ட வேண்டுமாயின் கழகத்தார் மொழியில் பேச வேண்டும் என்பதே அற்றை நிலை. நூலின் பெயரில் பிரசியா இருந்தது. நூலின் மொழியில் இல்லை.

ஆகவே, அதற்கு இரண்டே ஆண்டு கழித்து அவர் செருமானியத்தில் போர்வரலாறு வெளியிட்டது தனிக் கவனத்திற்குரியது. அது தோன்றிய வகையும் சுவையானது. என்றி இலாயிடு என்பவர் வேல்சு நாட்டினர்; ஏழாண்டுப் போரில் ஆத்திரியப் படையில் அலுவலராய் இருந்தவர். அவர் 1766-இல் இலண்டனில் அப்போரின் முதல் இரண்டாண்டு வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கூர்மையான நூல், படை தன் களஞ்சியத்திலிருந்து களத்திற்குச் செல்லும் வழியை வைத்தே போரின் போக்கை அளக்கலாம் என்று காட்டிய நூல். பிரசிய மன்னரின் தவறுகளை அஞ்சாது எடுத்துரைத்த நூலும் ஆகும். தெம்பெல்கோவு செய்தது அதன் மொழிபெயர்ப்பே. திருத்திய நிலப்படங்களும் குறிப்புகளும் சேர்த்துப் புதிதாய் மொழிபெயர்க்கப்பட்டது என்பதே முகப்பில் அவர் தந்த விளக்கம்.

அக்குறிப்புகளில்தான் உண்மையான வேலை நடக்கிறது. இலாயிடு ஓரிடத்தில் ஒரு படையின் தொகையைக் கூறினால், தெம்பெல்கோவு கீழே வேறு கணக்கைக் காட்டுகிறார். மன்னர் இன்ன வழியில் சென்றிருக்கலாம் என்று மூலம் சொன்னால், அவ்வழியில் செல்லுதல் ஏன் அரிது என்று குறிப்புச் சொல்கிறது. மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூலநூலாரோடு வழக்காடும் உரையாசிரியர் மரபு தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. பெர்லினிலும் அதற்கு முன்மாதிரி இருந்தது. ஆங்கிலேயரான இராபின்சு 1742-இல் எழுதிய பீரங்கி நூலை ஆய்லர் 1745-இல் செருமானியத்தில் பெயர்த்தபோது, அவர் சேர்த்த விளக்கம் மூலத்தைப் போல் பன்மடங்கு விரிந்தது.

இலாயிடின் நூல் 1757-ஓடு நின்றது. 1758 முதல் எடுத்துரைக்க மூலம் இல்லை. அங்கிருந்து தெம்பெல்கோவு தாமே எழுதினார். வழிநூல் முதல்நூலாயிற்று. அடுத்தடுத்து வந்த மடலங்களையும் இலாயிடு வரலாற்றின் தொடர்ச்சி என்றே அவர் பெயரிட்டார். அடக்கம் போலும், அல்லது விற்பனைக்குப் பழம்பெயர் உதவும் என்ற எண்ணம் போலும். ஆறாம் மடலம் 1801-இல் வெளிவந்தது. பதினெட்டு ஆண்டு உழைப்பு.

அவ்வுழைப்பின் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. போர் என்றால் வாளும் முழக்கமும் என்று எண்ணுவார் பலர். தெம்பெல்கோவு எண்ணியது உரொட்டியை. படைஞன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு இரண்டு பவுண்டு உரொட்டி. நூறாயிரவர்க்கு இருநூறாயிரம் பவுண்டு. அதற்கு வேண்டிய மாவு நூற்றைம்பதாயிரம் பவுண்டு. படைஞன் தன் பையில் மூன்று நாள் உரொட்டி சுமப்பான். உடன்வரும் வண்டிகள் ஆறு நாளுக்குச் சுமக்கும். மாவு வண்டிகள் மேலும் ஒன்பது நாளைக்குத் தாங்கும். அதற்குள் அடுப்புகள் கட்டிச் சுட்டாக வேண்டும். களஞ்சியத்திலிருந்து வண்டிகள் சென்று மீண்டாக வேண்டும். ஒரு மன்னன் எத்துணை வீறுடையவனாயினும் அவன் படை இவ்வளைவுக்கு வெளியே செல்லாது. குண்டு செல்லும் வழியைக் காற்று வளைப்பதுபோலப் படை செல்லும் வழியை அடுப்பு வளைக்கிறது!

1758-இல் மொராவியாவில் ஓல்முட்சுக் கோட்டையைப் பிரீதிரிக்கு முற்றுகையிட்டார். குண்டும் மருந்தும் மாவும் ஏற்றிய மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் மலைப்பாதையில் நீண்டு வந்தன. சூன் 30-ஆம் நாள் தோம்சுதாட்டில் என்னும் இடத்தில் இலௌடன், சிசுக்கோவிச்சு என்னும் ஆத்திரியத் தலைவர்கள் அவ்வரிசையை மறித்து அழித்தனர். முற்றுகையிட்ட படையை வந்தடைந்த வண்டிகள் மிகச் சில. ஓரிரு நாளில் மன்னர் முற்றுகையை நீக்கிப் பின்வாங்கத் தொடங்கினார். பெருங்களம் ஏதும் இல்லை. பாட்டுடைத் தலைவன் எவனும் இல்லை. வண்டி போயிற்று, கோட்டையும் போயிற்று. இத்தகைய செய்திகளின் எடையை அறிந்து எழுதுதற்கு வண்டியோடு நடந்த கால் வேண்டும்.

குறைகளையும் கூறல் வேண்டும். தெம்பெல்கோவின் நூல் இனிய நூலன்று. இன்ன நாளில் இன்ன படை இன்ன ஊரில் தங்கியது என்று பக்கம் பக்கமாகச் செல்லும். படித்து மகிழ விரும்பியோர், படைத்தலைவராய் இருந்த ஆர்க்கன்கோல்சு அதே போரைப் பற்றிச் சுருக்கமாகவும் சுவையாகவும் எழுதிய செருமானிய வரலாற்றையே நாடினர். மேலும், தெம்பெல்கோவு தம் மன்னர்பால் சாய்வுடையவர். இலாயிடு குத்திய இடங்களில் இவர் மருந்திடுகிறார். முதல் மடலம் வந்தபோது மன்னர் உயிரோடிருந்தார்; 1784-இல் தெம்பெல்கோவுக்குப் பெருமகன் நிலையை வழங்கியவரும் அவரே. அத்தகையவரிடம் முழு நடுநிலையை எதிர்பார்த்தல் அரிது. எனினும், சாய்வு அவர் கருத்துகளில் உண்டு, எண்களில் குறைவு. அடிக்குறிப்பின் முடிவை மறுப்பவர்க்கும் மறுப்பதற்கு வேண்டிய கணக்கை அவர் நூலே தருகிறது. மன்னரோ தாம் எழுதிய ஏழாண்டுப் போர் வரலாற்றைப் பிரெஞ்சில் எழுதிவைத்தார்; அது அவர் மறைந்தபின் 1788-இல் வெளிவந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே செருமானியர் தம் போரைத் தம் மொழியில் படிக்கத் தொடங்கிவிட்டனர்.

அதே ஏழாண்டுப் போர் தமிழ் மண்ணிலும் நடந்தது. 1760 சனவரி 22-இல் வந்தவாசியில் ஆங்கிலேயர் தலைவர் கூட்டும் பிரெஞ்சியர் தலைவர் இலாலியும் மோதினர். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. இருதிறத்துப் படைகளிலும் இந்நாட்டு மக்கள் நின்றனர். மாடும் நெல்லும் இந்நாட்டவை. அப்போர்களின் விரிந்த வரலாற்றை எழுதியவர் சென்னையில் ஆங்கிலக் குழும அலுவலராயிருந்த இராபர்ட்டு ஓர்மி. அவர் நூல் 1763-இலும் 1778-இலும் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழில் எஞ்சியிருப்பது ஆனந்தரங்கர் நாட்குறிப்பு. பிறமொழிச் சொற்கள் மிடைந்ததெனினும் அருமையான செல்வம். ஆயினும் அது வணிகரும் மொழியிடையாளருமான ஒருவர் நகருக்குள் இருந்து கண்டதும் கேட்டதுமே அன்றிக் களத்தின் கணக்கன்று. பிரசியாவுக்குத் தெம்பெல்கோவு வாய்த்தார். வந்தவாசிக்கு ஓர்மியே வாய்த்தார்.

தெம்பெல்கோவின் உழைப்பு எல்லை கடந்து சென்றது. 1793-இல் இலிண்டுசே என்னும் ஆங்கிலப் படையலுவலர் அதிலிருந்து பகுதிகளை மொழிபெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். ஆங்கில நூலைச் செருமானியத்தில் பெயர்க்கத் தொடங்கியவரை ஆங்கிலர் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர்! 1805-இல் தம் முதற் பெருநூலை வெளியிடத் தொடங்கிய சோமினி, இலாயிடையும் தெம்பெல்கோவையும் அடிப்படையாய்க் கொண்டே பிரீதிரிக்கின் போர்களை ஆராய்ந்தார். கிளௌசவிட்சு தம் போரியல் நூலில் அவர் பெயரைச் சுட்டுகிறார். 1824 முதல் பிரசியப் பெரும்படைத் தலைமையகத்தின் அலுவலர்கள் ஆவணங்களைக் கொண்டு புதிய ஏழாண்டுப் போர் வரலாற்றைத் தொகுத்தபோதும் தெம்பெல்கோவைக் கடந்துதான் செல்ல வேண்டியிருந்தது.

தூய்மை நாடுவார் கேட்கக்கூடிய வினா ஒன்றுண்டு. அவர் எழுதிய செருமானியம் தூயதா? அன்று. படைப்பிரிவின் பெயர், தலைவர் நிலைகளின் பெயர், பீரங்கியின் பெயர் யாவும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. அவற்றை அவர் அப்படியே வழங்கினார். நூலின் கடைசி மடலம் வந்த 1801-ஆம் ஆண்டிலேயே, பிரௌன்சுவைக்கு நகரில் காம்பே என்பார், தம் மொழியிற் புகுந்த அயற்சொற்களுக்கு நேரான செருமானியச் சொற்களைத் தொகுத்து அகரமுதலி வெளியிட்டார். பலர் நகைத்தனர். அவர் ஆக்கிய சொற்களுட் பல இன்று செருமானியர் நாவில் இயல்பாய் வழங்குகின்றன. படையிற் களையெடுப்பு மெல்லவே நடந்தது. 1899-இல்தான் பிரசியப் படைத்துணைத் தலைவர் பெயரின் முன்னிருந்த 'பிரெமியர்' என்னும் பிரெஞ்சு அடை நீங்கி 'ஓபர்' என்னும் செருமானிய அடை ஏறியது. சொற்றூய்மை வருமுன்னே மொழியில் பொருள் இருத்தல் வேண்டும். தெம்பெல்கோவு பொருளைத் தந்தார். காம்பே சொல்லைத் தந்தார். ஒருவர் பணியை மற்றவர் பணியால் இழித்துரைத்தல் பொருந்தாது.

அவர் பிற்கால வாழ்வில் பெருமைகள் சேர்ந்தன. பின்னாளில் மூன்றாம் பிரீதிரிக்கு வில்லியம் என ஆண்ட இளவரசர்க்குக் கணக்கும் போர்க்கலையும் கற்பித்தார். 1791-இல் பெர்லினில் அமைந்த பீரங்கிக் கல்விக்கழகத்தின் தலைவரானார். 1792 செப்டம்பர் 20-இல் வால்மியில், புரட்சிப் பிரான்சின் படைக்கு எதிரே பிரசியப் பீரங்கிகளுக்குத் தலைமை தாங்கினார். மழையால் நிலம் சேறாயிருந்தது. குண்டுகள் துள்ளிப் பாயாமல் புதைந்தன. நாள் முழுதும் இருபுறமும் முழங்கின. பிரெஞ்சியர் பக்கம் ஏறத்தாழ முந்நூற்றுவரும் பிரசியர் பக்கம் இருநூற்றுவர்க்குக் குறைவானவரும் வீழ்ந்தனர். பிரெஞ்சியர் கலையவில்லை, பிரசியர் திரும்பினர். எண்ணத்தெரிந்தவர்க்கு அந்நாளின் எண்கள் பெரியவையல்ல. ஆனால், அன்று திரும்பியது ஒரு படை மட்டுமன்று என்பதை உடனிருந்த கேத்தே உணர்ந்திருந்தார்.

1806 அக்டோபரில் இயேனாவிலும் அவர்சுதெட்டிலும் பிரசியப் படை ஒரே நாளில் நொறுங்கியது. நெப்போலியன் பெர்லினுக்குள் நுழைந்தார். பிரெஞ்சை அரசவை விரும்பி அழைத்த நகரில் பிரெஞ்சுப் படை அழையாமலே வந்து குடியேறியது. 1807 சூலை 9-இல் தில்சித்தில் பிரசியா தன் நிலத்திற் பாதியை இழக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. நான்கு நாள் கழித்து, சூலை 13-இல், அயலார் காவலிலிருந்த பெர்லினில், எழுபதாம் அகவையில் தெம்பெல்கோவு மறைந்தார். அவ்வாண்டு திசம்பரில், அந்நகர்க் கழகத்தின் கூடத்திலேயே, பிக்தே என்னும் மெய்யியலார் செருமானியர்க்கு அவர்தம் மொழியைப் பற்றிச் செருமானியத்தில் உரையாற்றத் தொடங்கினார்.